விதித்த மழையும் வேண்டிய மழையும்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போகும்போது, பூவிருந்தவல்லியைக் கடந்ததும் இடப்புறத்தில் செம்பரம்பாக்கம் ஏரி வரும். சாலையின் மறுபுறம் திருமழிசை. இன்னும் சில கிலோமீட்டர் மேற்கே குத்தம்பாக்கம். அதையும் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர். தமிழ் வைணவத்தின் வரைபடத்தில் இந்தச் சிறு துண்டு நிலத்துக்குத் தனி இடம் உண்டு. பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். திருமழிசை ஆழ்வாரின் ஊர். ஸ்ரீபெரும்புதூர் இராமானுசரின் ஊர். மூவரின் சரிதங்களிலும் மனிதன் வாய்திறந்து கேட்பதும் தெய்வம் செவிசாய்ப்பதும் திருப்புமுனைகளாக அமைந்திருக்கின்றன.

இவ்வூர்களுக்கு நடுவே நின்றுகொண்டு நாம் யோசிக்க விரும்புவது, மேலோட்டமாகப் பார்த்தால் இவற்றோடு தொடர்பில்லாத ஒரு கேள்வியை. எல்லாவற்றையும் கடவுளே தீர்மானிக்கிறார் என்று நம்பும் யூத மதத்தில் பிரார்த்தனைக்கு என்ன வேலை? நமக்கு நல்லது விதிக்கப்பட்டிருந்தால் கேட்காமலேயே வரும். விதிக்கப்படவில்லையென்றால் கேட்டும் பயனில்லை. கேட்டுத்தான் கிடைக்கிறது என்றாலோ, அறிவிலும் கருணையிலும் குறைவற்ற கடவுள் நம் நச்சரிப்புக்காக மனத்தை மாற்றிக்கொள்கிறார் என்றாகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சுவர்.

யூதர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கூர்மையானது. அவர்களுக்குப் பிரார்த்தனை விருப்பத்தைப் பொறுத்த செயல் அல்ல, கடமை. நாளொன்றுக்கு மூன்று வேளை, எருசலேமை நோக்கி நின்று, 'அமிதா' என்னும் நின்றநிலை வேண்டுதலைச் சொல்லியாக வேண்டும். அதன் நடுப்பகுதி முழுவதும் கோரிக்கைகள்தான்: அறிவு, மன்னிப்பு, நோய் நீக்கம், விளைச்சல், நீதி. விதியை நம்பு என்று கற்பிக்கும் அதே மதம், தினமும் மூன்று முறை கேள் என்றும் கட்டளையிடுகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்கின்றன?

*

இந்தக் கேள்வியை யூத ஆசான்கள் சூனியத்தில் வைத்து விவாதிக்கவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளுள் முதன்மையானது மழை.

அதற்கு நிலவியல் காரணம் உண்டு. உபாகமத்தின் 11-ஆம் அதிகாரம் எகிப்தையும் வாக்களிக்கப்பட்ட நாட்டையும் ஒப்பிடுகிறது. எகிப்தில் நைல் நதி உண்டு. மனிதன் தன் உழைப்பால் நீரைத் திருப்பிப் பாய்ச்சிக்கொள்ளலாம். இஸ்ரவேலரின் நாடோ மலைகளும் பள்ளத்தாக்குகளும் கொண்டது, வானத்து நீரையே குடிப்பது. தொண்டைமண்டலத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவிரி போன்ற நதி இல்லாத நிலம் இது. பாலாறு பெரும்பாலும் மணலாறு. ஆகவேதான் இங்கே ஊருக்கோர் ஏரி வெட்டினார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தால் ஏரி பொய்க்கும், ஏரி பொய்த்தால் ஊர் பொய்க்கும்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, உலகம் தீர்ப்புக்குள்ளாகும் நான்கு காலங்களைக் குறிப்பிடுகிறது. கூடாரப் பண்டிகையின்போது தீர்மானிக்கப்படுவது தண்ணீர். அதாவது வரப்போகும் ஆண்டின் மழை முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டுவிடுகிறது. அளந்தாகிவிட்டது என்றால் பிறகு மழைக்காக வேண்டுவது எதற்கு?

பாபிலோனியத் தல்மூதில், ரோஷ் ஹஷானா என்ற பகுதியில், இதற்கு ஒரு பதில் இருக்கிறது. நமக்குத் தெரிந்தவரையில் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களுள் இதுவே மிக நுட்பமானது. புத்தாண்டு நாளில் மக்கள் தீயவர்களாக இருந்தார்கள், ஆகவே குறைந்த மழை விதிக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பிற்பாடு அவர்கள் திருந்திவிட்டார்கள். மழையைக் கூட்டித்தர முடியாது, ஏனென்றால் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் குறைந்த மழையையே கடவுள் உரிய காலத்தில், தேவைப்படும் நிலத்தில், பெய்விக்கிறார். மறுதலையும் உண்டு. நல்லவர்களாக இருந்தபோது நிறைய மழை விதிக்கப்பட்டது, பிறகு கெட்டுப்போனார்கள். மழையைக் குறைக்க முடியாது. ஆனால் அது காலந்தவறி, வேண்டாத இடத்தில் கொட்டித் தீர்க்கும்.

அளவு மாறவில்லை, விதி உடையவில்லை. ஆனாலும் எல்லாமே மாறிவிட்டது.

செம்பரம்பாக்கம் ஏரியை அறிந்தவர்கள் இதைப் படிக்கும்போது சற்றே நிமிர்ந்து உட்கார்வார்கள். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள ஏரி அது. 2015 டிசம்பர் முதல் தேதி, பெருமழையினூடே, அதிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இருகரைகளும் மூழ்கின. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. சென்னை தண்ணீர் லாரிகளின் பின்னால் ஓடியது. கோவில்களில் மழை வேண்டி யாகங்கள் நடந்தன. வரும் மழை எப்போது வருகிறது, எங்கே விழுகிறது, அதை ஏந்தும் கரையையும் மதகையும் வரத்துக் கால்வாயையும் நாம் என்ன நிலையில் வைத்திருக்கிறோம் என்பவற்றைக் கொண்டே ஒரே நீர் வரமாகவோ சாபமாகவோ ஆகிறது. தல்மூத் ஆசான்கள் ஏரிகளைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் விதிக்கப்பட்ட அளவுக்கும் அது வாழ்வாக மாறும் விதத்துக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். பிரார்த்தனையை அவர்கள் குடியமர்த்தியது அந்த இடைவெளியில்தான்.

*

அந்த இடைவெளியில் ஒழுக்கமும் அடங்கியிருக்கிறது என்பதற்கு அவர்களுடைய மழைப் பிரார்த்தனையின் கால அட்டவணையே சாட்சி. பண்டிகை முடிந்ததும் மழை கேட்கலாம்தானே? கேட்பதில்லை. இஸ்ரவேல் நாட்டில் ஹெஷ்வான் மாதம் 7-ஆம் நாள்வரை, அதாவது பண்டிகை முடிந்து பதினைந்து நாள்கள், பொறுத்திருக்க வேண்டும் என்கிறது மிஷ்னா. காரணம்: எருசலேமுக்கு வந்த யாத்திரிகர்களில் கடைசி ஆள் யூப்ரடீஸ் நதிக்கரையை நனையாமல் சென்றடைய வேண்டும். உழவனின் தேவை, வழியில் நடந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறது. இன்னொரு பக்கம், பாவநிவாரண நாளில் தலைமைக் குரு மகாபரிசுத்த இடத்துக்குச் சென்று திரும்பும்போது சொல்லும் சிறு பிரார்த்தனையில், மழை வேண்டாம் என்று கேட்கும் வழிப்போக்கர்களின் வேண்டுதல் ஏற்கப்படாதிருக்கட்டும் என்றும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிரார்த்தனைகள் ஒன்றோடொன்று மோதக்கூடியவை என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மரபுகள் குறைவு.

இஸ்ரவேலுக்கு வெளியே வாழ்பவர்கள் பாபிலோனிய வழக்கப்படி, இலையுதிர்காலச் சமநாளிலிருந்து அறுபதாம் நாளைக் கணக்கிட்டு மழை கேட்கத் தொடங்குவார்கள். இக்காலத்தில் அது டிசம்பர் 4 அல்லது 5 மாலையில் வருகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பவழம் கொண்டு, கோல்கொண்டா வைரத்தை நாடிச் சென்னைக்கு வந்த போர்த்துக்கீசிய வம்சாவழி யூத வணிகர்கள் இங்கேயும் அவ்வாறே வேண்டியிருப்பார்கள். அவர்களுள் ஒருவரான ஜாக் த பைவா 1687-இல் இறந்து இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டார். பவழக்காரத் தெருவின் பெயரில் அவர்களது வணிகத்தின் நினைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாபிலோனின் வயலுக்காகக் குறிக்கப்பட்ட அந்த நாள், சோழமண்டலக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையின் நடுவில் வந்து விழுந்தது. 2015-இல் அந்த நாள் டிசம்பர் 5. சென்னையின் தெருக்களில் நீர் முற்றும் வடியாத நேரத்தில், இஸ்ரவேலுக்கு வெளியே வாழும் யூதர்கள் மழைக்கான வரியைத் தம் வேண்டுதலில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வெள்ளத்தின் இரவை நினைக்கும்போது மிஷ்னாவின் மற்றொரு சட்டம் நினைவுக்கு வருகிறது. பயணத்திலிருந்து திரும்புகிறவன் ஊரின் எல்லையில் அலறல் கேட்கிறான். அது தன் வீட்டிலிருந்து வரக்கூடாது என்று வேண்டுகிறான். அது வீண் பிரார்த்தனை என்கிறது மிஷ்னா. நடந்தது நடந்துவிட்டது, அலறல் யார் வீட்டிலிருந்து வருகிறது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. நம் வீடாக இருக்கக்கூடாது என்று கேட்பது வேறு யாருடைய வீடாகவோ இருக்கட்டும் என்று கேட்பதும்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. அன்றிரவு வெளியூர்களிலிருந்து தொலைபேசியில் எண்களை அழுத்திக்கொண்டே இருந்தவர்களில் எத்தனை பேர் அந்த வேண்டுதலைச் சொல்லியிருப்பார்கள்! சட்டம் கடுமையானதுதான். ஆனால் அது ஒரு வேலி. பிரார்த்தனை நடந்ததை அழிக்கும் மந்திரம் அல்ல. இன்னும் நடக்காததை நோக்கியே அது நிற்க வேண்டும்.

*

வேலியை ஒருவர் தாண்டினார் என்றும் மிஷ்னா சொல்கிறது. அவர் பெயர் ஹோனி. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவர். வறட்சியில் மக்கள் அவரிடம் வந்தார்கள். வேண்டினார், பெய்யவில்லை. தரையில் ஒரு வட்டம் வரைந்து அதன் நடுவே நின்று, உன் பிள்ளைகள்மீது இரங்கும்வரை இதைவிட்டு அசையமாட்டேன் என்று கடவுளிடமே ஆணையிட்டார். தூறல் விழுந்தது. இதைக் கேட்கவில்லை, குழிகளும் தொட்டிகளும் நிரம்பும் மழையைக் கேட்டேன் என்றார். ஆவேசமாகக் கொட்டியது. இதையும் கேட்கவில்லை, அருள் மழையைக் கேட்டேன் என்றார். அளவாகப் பெய்தது, பெய்துகொண்டே இருந்ததால் எருசலேம்வாசிகள் கோவில் குன்றின்மேல் ஏற வேண்டியதாயிற்று. அன்றைய ஆசான்களின் தலைவர் சிமியோன் பென் ஷேடக் சொல்லியனுப்பினார்: நீ ஹோனியாக இல்லாவிட்டால் உன்னை விலக்கி வைத்திருப்பேன், ஆனால் என்ன செய்வது, தந்தையிடம் அடம்பிடிக்கும் பிள்ளைபோல நீ கேட்கிறாய், அவரும் செய்துவிடுகிறார்.

இந்தக் கதையைத் திருமழிசைக்காரர்களிடம் சொன்னால் வியப்படைய மாட்டார்கள். அவர்களிடம் இதற்கிணையான கதை இருக்கிறது. ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் பல்லவ அரசனைப் புகழ்ந்து பாட மறுத்தார். காஞ்சியைவிட்டு வெளியேறும்படி அரசன் ஆணையிட்டான். சீடன் போகிறான், அவனோடு நானும் போகிறேன், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு என்று திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளிடம் ஆழ்வார் சொன்னார். பெருமாள் கிளம்பிவிட்டார். அரசன் பின்னால் ஓடிவந்து மன்றாடிய பிறகு, மீண்டும் ஆழ்வார் சொல்லவே, திரும்பிவந்து படுத்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்பது இன்றளவும் அவருக்குப் பெயர். அகில உலகத்தையும் நடத்துகிறவருக்குக் கிடைத்த பெயர், சொன்னதைச் செய்தவர் என்பது!

இரு கதைகளுக்கும் இடையே இன்னொரு ஒற்றுமை உண்டு. அதுதான் முக்கியமானது. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், ஹோனியின் முடிவைப் பதிவுசெய்திருக்கிறார். கிரேக்க வடிவில் ஓனியாஸ் என்று எழுதுகிறார். கி.மு. 65-ஐ ஒட்டி, அரியணைக்காக ஹிர்கேனஸ், அரிஸ்டோபுலஸ் என்னும் இரு சகோதரர்களுக்கிடையே போர். எருசலேமை முற்றுகையிட்டிருந்த தரப்பு ஹோனியைப் பிடித்துவந்தது. உன் வேண்டுதலால்தானே மழை வந்தது, இப்போது எதிரிகளைச் சபி என்றது. அவர் எழுந்து நின்று வேறொன்றை வேண்டினார். என்னைச் சுற்றி நிற்பவர்களும் உம் மக்கள், உள்ளே அடைபட்டிருப்பவர்களும் உம்மைத் தொழுபவர்கள். ஆகவே ஒருவருக்கெதிராக மற்றவர் கேட்பது எதற்கும் செவிசாய்க்காதிரும் என்பது அதன் சாரம். அங்கேயே கல்லெறிந்து கொன்றார்கள்.

கணிகண்ணன் அரசனுக்காகப் பாட மறுத்தார். ஹோனி படைக்காகச் சபிக்க மறுத்தார். கடவுளை அசைக்கும் குரல் வாய்த்தவர்களை அதிகாரம் உடனே வேலைக்கு அமர்த்திக்கொள்ள நினைக்கிறது. இரண்டு மரபுகளும் அந்தக் குரலின் மேன்மையைக் கண்டது அது மறுத்த இடத்தில்தான். விதியை மாற்றுவது பிரார்த்தனையின் உச்சம் அல்ல. எதைக் கேட்கக் கூடாது என்று அறிவதே உச்சம் என்று இவை சொல்வதாகக் கொள்ளலாம்.

*

கி.பி. 70-இல் ரோமர்கள் எருசலேம் கோவிலை அழித்தார்கள். பலி நின்றது. அதன் இடத்தைச் சொல் எடுத்துக்கொண்டது. காலைப் பலிக்குக் காலைப் பிரார்த்தனை, மாலைப் பலிக்கு மாலைப் பிரார்த்தனை என்று தல்மூத் இணைவைக்கிறது. ஆகவே யூதருக்குப் பிரார்த்தனை என்பது மனு எழுதுவதாக மட்டும் இருந்ததில்லை. அது கைங்கரியம், இதயத்தால் செய்யும் பணி. அதன் வாசகங்கள் பன்மையில் அமைந்தவை. தன் நோய்க்காக வேண்டுகிறவனும் 'நாங்கள்' என்று சொல்லியே வேண்டுகிறான்.

இதன்மேல் இடைக்காலச் சிந்தனையாளர்கள் வாதங்களை அடுக்கினார்கள். தினமும் பிரார்த்திப்பது தோராவின் கட்டளை என்றார் மைமோனிடிஸ் (1138–1204). இல்லை, மனிதன் கூப்பிடும்போது கேட்பது கடவுளின் கருணை, துன்பக் காலத்தில் கூப்பிடுவது மட்டுமே கட்டளையாகக்கூடும் என்றார் நஹ்மனிடிஸ் (1194–1270). ஒருவர் மனிதனின் செயலிலிருந்து தொடங்குகிறார், மற்றவர் கடவுளின் கருணையிலிருந்து. 15-ஆம் நூற்றாண்டில் ஜோசப் ஆல்போ வேறொரு கோணத்தைத் தந்தார். தீர்ப்பு ஒரு மனிதனுக்கு அவன் இருக்கும் நிலையை வைத்து எழுதப்படுகிறது. பிரார்த்தனையால் அவன் வேறொருவனாக ஆகிவிட்டால் தீர்ப்பு மாறவில்லை, அது குறித்த ஆள் அங்கே இல்லை, அவ்வளவுதான். பிரார்த்திப்பதைக் குறிக்கும் எபிரேய வினைச்சொல் தன்னை நோக்கித் திரும்பும் வடிவில் இருப்பதையும், அது தன்னைத்தானே தீர்ப்பிடுவது என்று பொருள்படுவதாக 19-ஆம் நூற்றாண்டில் ராபி சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ் விளக்கியதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் இந்த வரிசையில் நம்மை அதிகம் தொந்தரவு செய்பவர் ஆல்போவின் ஆசிரியர் ஹஸ்தாய் கிரெஸ்காஸ். மனிதனின் விருப்பமும்கூடக் காரணச் சங்கிலியால் கட்டப்பட்டது என்று துணிந்து எழுதிய யூதர் அவர். 1391-இல் ஸ்பெயினில் யூதர்களுக்கெதிராக நடந்த கலவரங்களில், பார்சிலோனாவில், அவருடைய மகன் கொல்லப்பட்டான். அதன்பின் எழுதி 1410-இல் முடித்த 'ஓர் அதோனாய்' என்னும் நூலில், எல்லாம் முடிவானது என்று வாதிட்ட அவரே, பிரார்த்தனைக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்புவதை யூதரின் மெய்ந்நம்பிக்கைகளுள் ஒன்றாகவும் வைத்தார். முரண்பாடு அல்ல இது. முயற்சியும் காரணங்களில் ஒன்று, காரணம் இருந்தால்தான் விளைவு என்பது அவர் வழி. விளைச்சல் விதிக்கப்பட்டிருந்தால் விதைப்பும் சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கிறது. ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும், சற்றுத் தள்ளி ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் எழுதிய வள்ளுவரைப் படித்தவர்களுக்கு இந்த மனநிலை அந்நியமானது அல்ல. எனினும் மகனை இழந்தவர் இதை எழுதினார் என்பது வாதத்துக்கு அப்பாற்பட்ட ஒரு கனத்தை அதற்குத் தருகிறது.

*

ஏறத்தாழ இதே நூற்றாண்டுகளில் தமிழ் வைணவமும் இதே கேள்வியால் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல ஆன்மாவிடமிருந்து சிறு முயற்சியேனும், ஒரு வியாஜமேனும், வேண்டும் என்றது வேதாந்த தேசிகரின் வழி. பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல எல்லாம் அவன் செயலே, நாம் விலக்காதிருந்தால் போதும் என்றது பிள்ளை லோகாசாரியரின் வழி. மைமோனிடிஸும் நஹ்மனிடிஸும் இவற்றுக்கு நேர் இணைகள் அல்லர். ஆனால் எங்கிருந்து தொடங்குவது, மனிதனின் கையிலிருந்தா கடவுளின் கருணையிலிருந்தா என்ற இழுபறி ஒன்றே. கவனிக்க வேண்டியது வேறு. எல்லாம் அவன் செயல் என்ற தென்கலையார் ஒருநாளும் கோவிலுக்குப் போவதையும் பாசுரம் சேவிப்பதையும் நிறுத்தவில்லை. பலன் கருதிய வழியாக இல்லாமல் போன பிறகும் பிரார்த்தனை எஞ்சியது. பலனுக்காக இல்லாதபோதுதான் அது இன்னும் தூய்மையாக எஞ்சியது என்று அவர்கள் சொல்வார்கள். 20-ஆம் நூற்றாண்டில் எருசலேமின் யெஷயாஹு லெய்போவிட்ஸும் (1903–1994) இதற்கு அருகில் வந்து சேர்ந்தார்: தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வழியாகப் பிரார்த்தனையைக் கருதுவது கடவுளை வேலையாளாக்குவது, பிரார்த்தனை கடமை என்பதாலேயே அதற்கு மதிப்பு என்றார் அவர்.

நம்மால் லெய்போவிட்ஸோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. வறண்ட ஏரியின் முன் நிற்பவரிடம் எதையும் கேட்காதே, கடமையை மட்டும் செய் என்று சொல்ல நமக்கு வாய் வராது. தல்மூதும் அப்படிச் சொல்லவில்லை. இறப்பது உறுதி என்று தீர்க்கதரிசி ஏசாயாவே அறிவித்த பிறகும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி வேண்டிய எசேக்கியா அரசனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூடக் கிடைத்ததை அது மகிழ்ச்சியோடு எடுத்துரைக்கிறது.

பூவிருந்தவல்லிக்குத் திரும்புவோம். திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் பணியைச் செய்தவர். வரதர் அவரோடு பேசுவார் என்பது ஐதிகம். அப்படிப்பட்டவர் தமக்கென்று எதைக் கேட்டார் என்பதைவிட மரபு ஆவலோடு நினைவில் வைத்திருப்பது, அவர் இன்னொருவருக்காகக் கேட்டதை. இளம் இராமானுசரின் மனத்திலிருந்த ஐயங்களைச் சுமந்து சென்று வரதர் முன் வைத்தார். ஆறு வார்த்தைகளைப் பதிலாகப் பெற்றுவந்தார். அந்த ஆறில் ஒன்று, சரணடைந்தவனுக்கு இறுதிநேர நினைவு வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது. கடைசி மூச்சில் பிரார்த்திக்க மறந்தாலும் பாதகமில்லை என்ற செய்தியை, ஒருவர் தம் பிரார்த்தனையால் மற்றொருவருக்கு வாங்கிவந்தார்.

தனக்கும் அதே தேவை இருக்கும்போது பிறனுக்காக வேண்டுகிறவனே முதலில் பதில் பெறுகிறான் என்று தல்மூதில் ஒரு கூற்று உண்டு. எல்லாம் விதிக்கப்பட்டிருந்தால் பிரார்த்தனை எதற்கு என்ற கேள்விக்கு யூத மரபு ஒற்றைப் பதிலைத் தரவில்லை. தந்திருந்தால் இத்தனை நூற்றாண்டுகள் விவாதித்திருக்க மாட்டார்கள். ஆனால் அது மீண்டும் மீண்டும் ஒரு திசையைக் காட்டுகிறது. எவ்வளவு மழை என்பது நம் கையில் இல்லை. அந்த மழை வந்து இறங்கும்போது, நாம் யாருக்காகக் காத்திருந்தோம், யாருக்கெதிராகக் கேட்க மறுத்தோம், 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேரை வைத்திருந்தோம் என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. அதைத் தீர்மானிக்கத்தான் நாளுக்கு மூன்று முறை நிற்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம்.